பேஷன்ஸ் டோட்சே, இரவுப் பணி

சீருடையில் குத்திய அட்டையில் அவள் பெயர்
கொட்டை எழுத்தில். கீழே சின்னதாக: இரவுப் பணி.
முதல் நாளே பதினாலாம் அறைக் கிழவர் சிரித்தார்:
"நீ பேஷன்ஸ், நான் பேஷண்ட்."
அந்த நகைச்சுவையை இதுவரை
நாற்பத்தொரு பேர் சொல்லிவிட்டார்கள்.
அவள் எண்ணிக்கொண்டு வருகிறாள்.

உள்ளபடி அவளுக்குப் பொறுமை கிடையாது.
லிஃப்ட் பொத்தானை ஆறு முறை அமுக்குவாள்.
மைக்ரோவேவில் இன்னும் நாலு நொடி இருக்கும்போதே
கதவைத் திறந்துவிடுவாள்.
பச்சை விழுந்தும் நகராத காரைப் பார்த்து
எவே மொழியில் ஒரு வார்த்தை சொல்வாள்.
அதன் பொருளை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை.

கேட்டாவில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே
நாடா போல் கிடக்கும் மணலில்
அவள் ஜிக்போடி.
ஜி என்றால் நெஞ்சு. மீதி எழுத்துகளில்
அந்த நெஞ்சு மெல்ல இறங்கி உட்காருகிறது.
ஏழு வருடம், மூன்று கருச்சிதைவு, ஒரு மாமியார்:
அத்தனைக்கும் பிறகு அம்மா வைத்த பெயர்.
பள்ளிப் பதிவேட்டில் ஆசிரியர்
எழுத்துக் கூட்டச் சோம்பல்பட்டு
அதையே ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்.
பேனாவுக்கு எந்தப் பக்கம் வசதியோ
அந்தப் பக்கம் சாய்ந்துகொள்ளும் பெயர்.

நான் இதை எழுதும் மொழியில்
பொறு என்றால் சும. பொறு என்றால் மன்னி.
பொறு என்றால் கொஞ்சம் இரு.
மூன்றையும் ஒரே ஆளிடம் ஒரே மூச்சில் கேட்கலாம்.
பெரும்பாலும் ஒரு பெண்ணிடம்.
பக்கத்திலேயே பொறுப்பு நிற்கும்,
கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

அக்டோபரில், பேருந்தைத் தவறவிட்ட ஒரு மாலை,
தேவாலயத்துக்குப் பின்னால்
கல்லறைகளுக்குக் குறுக்கே நடந்தாள்.
சிறகு முளைத்த மண்டையோடு செதுக்கிய பலகைக் கல்.
பாசிக்கு அடியில்
அவள் பெயர்.
எபனேசர் டிராஸ்கின் மனைவி. 1704.
வயது இருபத்து மூன்று.
அருகே மூன்று சின்னக் கற்கள்,
அவற்றில் எழுத்தே இல்லை.

மகன்களுக்குத் தீர்க்கதரிசிகளையும்
மகள்களுக்குக் கட்டளைகளையும்
பெயராகக் கொடுத்த காலம் அது:
பணிவு, அடக்கம், நன்றி, மௌனம்.
சாப்பாட்டு மேசையில் நாலு பெண்கள்
உட்கார்ந்தால் ஒரு பிரசங்கம்.
மாசசூசெட்ஸில் இப்போது அநேகமாக யாரும் வைப்பதில்லை.
பதினாலாம் அறையின் பேத்திக்குப் பெயர் ஹார்ப்பர்.
உடுத்தி அலுத்த கோட்டு மாதிரி
அந்தப் பெயர் கப்பலேறி
கினியா வளைகுடாவில் இறங்கியது.
அக்ராவில் ஒரு வகுப்பில் மூன்று பேர்,
ஹராரேயில் பிரசவ வார்டு முழுக்க.
அங்கே அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு,
ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தார்கள்.
இப்போது விமானத்தில் திரும்பி வந்து
அதே மண்ணில் எபனேசர்களின் பேரன்களுக்குப்
படுக்கைப் புண் துடைக்கிறது.

ஜனவரி. வெளியே பனி.
இந்த வாரம் மூன்றாவது இரட்டை ஷிஃப்ட் கேட்கிறாள்
மேற்பார்வையாளர் டெனிஸ்:
"உன் பெயரிலேயே இருக்கிறதே!"
நாற்பத்திரண்டு.
"முடியாது" என்றாள்.
சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் திடுக்கிட்டாள்.
டெனிஸ் பேனாவை மூடித் திறந்து, மூடினாள்.

இரவு ஒரு மணிக்குப் போன் அதிர்ந்தது.
கேட்டாவில் விடிந்துவிட்டது.
தம்பி செனானு. பின்னால் மேளமும்
நாற்காலிகள் இழுபடும் ஓசையும்.
எட்டாம் நாள். குழந்தையை வெளியே கொண்டுவந்து
வானத்துக்குக் காட்டியாயிற்று.
"அக்கா, உன் பெயரை வைக்கிறோம்."

பதினாலாம் அறை மணி அடித்தது.
அவள் நடைக்கூடத்தில் நின்றாள்.
பாசியும் அந்த மூன்று கற்களும்
ஏன் இப்போது நினைவுக்கு வரவேண்டும்?

"வையுங்கள்" என்றாள்.
"ஆனால் அவள் எதையாவது கேட்டு அழும்போது
உன் பெயர் என்ன என்று யாரும் கேட்கக் கூடாது.
கேட்டால் நான் டிக்கெட் எடுத்து வருவேன்."

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.
கடலுக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது,
பாலுக்கோ, குளிருக்கோ, சும்மாவோ,
கூட்டத்தையும் மேளத்தையும் மீறி,
எட்டு நாள் தொண்டையால்,
ஒரு நொடிகூடப் பொறுக்காமல்.